நெல் ஆலையின் பழைய நீராவி என்ஜினுக்கு நான்கு வால்வு அமைப்புப் பொருத்தலாமா?

கேள்வி: தம்பலகாமத்துப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். தம்பலகாமத்தில் எங்கள் பாட்டனார் நடத்திய நெல் ஆலையில் ஓடி, ஆலைக்கு மின்சாரம் வந்தபின் பல வருடங்களாகக் கொட்டிலில் கிடந்த ஒற்றைச் சிலிண்டர் நீராவி என்ஜின் ஒன்றைத் திருத்தி, இப்போது மீண்டும் ஓட வைத்திருக்கிறேன். உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளை அழைத்து வந்து, பாடப் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்ததை அவர்கள் கண்முன்னே ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதே நோக்கம். பழைய பொய்லரைத் தொடவில்லை; முறையாகப் பரிசோதிக்கப்பட்ட புதிய சிறிய பொய்லர் ஒன்றிலிருந்து 6 பார் அமுக்கத்தில் ஆவி எடுக்கிறேன்.

என்ஜினின் அளவுகள்: சிலிண்டரின் உள்விட்டம் 200 மில்லிமீற்றர், பிஸ்டனின் ஓட்டம் 300 மில்லிமீற்றர், வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 சுற்று. சிலிண்டரின் பக்கவாட்டில் உள்ள நீராவிப் பெட்டிக்குள் ஆவியை உள்ளே விடுவதையும் வெளியே விடுவதையும் செய்யும் ஒரேயொரு சறுக்கு வால்வு இருக்கிறது. சுழலும் தண்டில் மையம் விலகப் பொருத்திய வட்டான எக்சென்ட்ரிக் அதனை மொத்தமாக 60 மில்லிமீற்றர் தூரம் முன்னும் பின்னும் இழுக்கிறது. வால்வு நடுநிலையில் நிற்கும்போது அதன் விளிம்பு ஆவித் துவாரத்தைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 12 மில்லிமீற்றர் மூடி நிற்கிறது. துவாரத்தின் அகலம் 14 மில்லிமீற்றர்.

இரண்டு குறைகளைக் காண்கிறேன். முதலாவது, பொய்லரில் எரிக்கும் உமி அளவுக்கு மீறிச் செலவாகிறது. சுமை அதிகம் இல்லாமல் ஓடும்போதே மணித்தியாலத்துக்கு மூன்று மூட்டை போகிறது. இரண்டாவது, கழிவு ஆவி வெளியேறும் சத்தம் சீராக இல்லை. ஓர் அடி கனமாகவும் அடுத்த அடி மெலிந்தும் விழுகிறது.

களனிவெளிப் பாதையில் ஓடிய சென்டினல் நீராவி ரயில் வண்டிகளில் சறுக்கு வால்வுக்குப் பதிலாகக் கேம் (மேடுள்ள சுழல் வட்டு) தண்டினால் திறந்து மூடும் வால்வுகள் இருந்தன என்று அறிந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சிலிண்டரின் இரு முனைகளிலும் ஆவி உள்ளே வர ஒரு வால்வும் வெளியேற ஒரு வால்வுமாக, மொத்தம் நான்கு வால்வுகளைக் கேம் மூலம் இயக்கினால், ஆவியை எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் வெளியே விடுவது என்பவற்றைத் தனித்தனியே தீர்மானிக்கலாம். வெளியேறும் வால்வுகளுக்காகச் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் இரண்டு துளைகள் இட வேண்டியிருக்கும். வரைபடம் போட்டு முடித்துவிட்டேன். பட்டறைக்குக் கொடுப்பதற்கு முன், இத்துறையில் பழகியவர்கள் இது நல்ல திருத்தமா, வீண் வேலையா என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: உப்புவெளி பிற்றர்

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். சிலிண்டரில் துளை போடுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அது பழைய வார்ப்பிரும்பு. வெடித்தால் ஒட்டுவது கடினம், அந்தச் சிலிண்டருக்கு மாற்றுச் சிலிண்டரும் எங்கும் கிடைக்காது.

என் தகப்பனார் புகையிரத ஷெட்டில் பிற்றராக இருந்தவர். இரண்டு சிலிண்டர் என்ஜின் ஒன்று நிலையத்திலிருந்து கிளம்பும்போது சில்லின் ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு அடி சத்தம் கேட்கும். அந்த நான்கும் ஒரே கனத்தில் விழாவிட்டால், திறந்து பார்க்காமலே வால்வு நகர்ந்துவிட்டது என்று அவர் சொல்லிவிடுவார். உங்கள் என்ஜினுக்குச் சுற்றுக்கு இரண்டு அடிதான். அவற்றில் ஒன்று கனத்து ஒன்று மெலிந்தால், சிலிண்டரின் ஒரு பக்கத்துக்கு ஆவி கூடுதலாகவும் மறுபக்கத்துக்குக் குறைவாகவும் போகிறது என்பதே பெரும்பாலும் காரணம். புதிய அமைப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் இருக்கும் வால்வைச் சரியான இடத்தில் வைத்துப் பாருங்கள். கெட்டுக் கிடக்கும் ஒன்றோடு புதியதை ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

வேலையை இப்படிச் செய்யுங்கள். பிஸ்டன் ஓட்டத்தின் முடிவைத் தொட இன்னும் இருபது மில்லிமீற்றர் இருக்கும்போது பிளைவீலை நிறுத்தி, பிஸ்டன் தண்டையும் இணைப்புத் தண்டையும் பிணைக்கும் குறொஸ்ஹெட்டிலும் அது ஓடும் வழித்தடத்திலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு கீறுங்கள். தரையில் அசையாத ஓர் இடத்தில் ஒரு கம்பியின் முனையை ஊன்றி, அதன் மறுமுனையால் பிளைவீலின் விளிம்பில் ஓர் அடையாளம் இடுங்கள். பிறகு அதே திசையில் தொடர்ந்து சுற்றினால் குறொஸ்ஹெட் முனை வரை போய்த் திரும்பிக் கோட்டுக்கு வரும். கோட்டைச் சற்றுத் தாண்டவிட்டு, பின்னோக்கித் திருப்பிக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் கிராங் முள்ளில் உள்ள தேய்மானம் கணக்கைக் கெடுத்துவிடும். அங்கே இரண்டாவது அடையாளம் இடுங்கள். இரண்டு அடையாளங்களுக்கும் நடுப்புள்ளி கம்பியின் முனைக்கு நேரே வரும்போது பிஸ்டன் சரியாக முனைப் புள்ளியில் நிற்கிறது. கண்ணால் பார்த்து முனையைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். அந்த இடத்தில் பிளைவீல் ஒரு சாண் நகர்ந்தாலும் பிஸ்டன் அசைவது தெரியாது.

அடுத்ததாக நீராவிப் பெட்டியின் மூடியைக் கழற்றி, என்ஜின் வழமையாக ஓடும் திசையிலேயே சுற்றி, பிஸ்டனை ஒவ்வொரு முனைப் புள்ளியிலும் நிறுத்தி, துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளவெடுங்கள். மென்மையான மரத்துண்டு ஒன்றை ஆப்புப் போலச் சீவித் திறப்புக்குள் அழுத்தினால் வால்வின் விளிம்பு அதில் பதியும். பதிந்த இடத்தின் தடிப்பே திறப்பின் அளவு. இதைத்தான் லீட் என்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லையென்றால் வால்வுத் தண்டின் நட்டுகளைத் திருகி, வித்தியாசத்தில் பாதியளவு வால்வை நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக, ஆனால் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் மட்டுமே எக்சென்ட்ரிக்கைத் தொட வேண்டும். இந்த இரண்டு வேலையையும் குழப்பிக்கொள்பவர்கள் நாள் முழுவதும் மல்லுக்கட்டுவார்கள்.

மறுமொழி: வெப்பவியல் விரிவுரையாளர்

மேலே பெரியவர் சொன்னதை முதலில் செய்யுங்கள் என்று நானும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கேட்டவரின் யோசனையில் உண்மையான ஒரு கருத்து இருக்கிறது. அதனைத் தள்ளிவிடாமல் விளக்க வேண்டும்.

நீங்கள் தந்த அளவுகளைக் கொண்டு கணக்கிட்டேன். வால்வின் ஓட்டத்தில் பாதி 30 மில்லிமீற்றர். லாப் எனப்படும் கூடுதல் மூடல் 12. லீட் 1 மில்லிமீற்றர் என்று கொண்டால், எக்சென்ட்ரிக் கிராங்கைவிட 90 பாகையும் அதற்கு மேல் ஏறத்தாழ 26 பாகையும் முன்னால் நிற்க வேண்டும். அந்நிலையில் பிஸ்டன் தன் ஓட்டத்தில் 83 சதவீதத்தைக் கடந்த பிறகுதான் வால்வு ஆவியை நிறுத்துகிறது. அதாவது, சிலிண்டர் ஏறக்குறைய முழுவதும் பொய்லர் அமுக்கத்திலுள்ள ஆவியால் நிரப்பப்பட்டு, அந்த ஆவி விரிந்து வேலை செய்ய இடமே இல்லாமல் வெளியே விடப்படுகிறது. உமி எங்கே போகிறது என்ற கேள்விக்கு இதுவே முதல் விடை.

ஆவியை இடையில் நிறுத்தி விரிய விடுவதன் பயனை ஜேம்ஸ் வாட் 1782ஆம் ஆண்டிலேயே தன் காப்புரிமையில் பதிவு செய்தார். உங்கள் 6 பார் என்பது வளிமண்டலத்தையும் சேர்த்தால் 7 பார். அந்த ஆவியை ஓட்டத்தின் பாதியில் நிறுத்தினால், முழு ஓட்டமும் ஆவி விடும்போது கிடைக்கும் வேலையில் ஏறத்தாழ 82 சதவீதம் கிடைக்கும். செலவாவது பாதி ஆவி. கால் பங்கில் நிறுத்தினால், கால் பங்கு ஆவிக்கு 53 சதவீத வேலை கிடைக்கும். இது குளிர்ச்சி இழப்புகளைச் சேர்க்காத ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் குறையும், ஆனாலும் போக்கு இதுவே.

அப்படியானால் சறுக்கு வால்வின் லாப்பைக் கூட்டி ஆவியை முன்னதாகவே நிறுத்தினால் என்ன? இங்கேதான் ஒற்றை வால்வின் குறை வெளிப்படுகிறது. ஒரே உலோகத் துண்டின் வெளிவிளிம்பு ஆவியை உள்ளே விடுகிறது, உள்விளிம்பு வெளியே விடுகிறது. ஆதலால் ஒன்றை முன்னே நகர்த்தினால் மற்றதும் சேர்ந்து நகரும். லாப்பை 20 மில்லிமீற்றராக்கி எக்சென்ட்ரிக்கை அதற்கேற்ப 19 பாகை முன்னே திருப்பினால், ஆவி 53 சதவீதத்தில் நிற்கும். அதே நேரம் கழிவு வாயிலும் 95 சதவீதத்துக்குப் பதிலாக 86 சதவீதத்திலேயே திறந்துவிடும். திரும்பும் ஓட்டத்திலும் அதே 86 சதவீதத்தில் வாயில் மூடிப் பிஸ்டனுக்கு முன்னால் உள்ள ஆவி நசுக்கப்படும். இதுவரை தாங்கிக்கொள்ளலாம், நசுங்கும் ஆவி மெத்தை போல் நின்று பிஸ்டனின் அதிர்ச்சியைக் குறைக்கவும் செய்யும். ஆனால் கால் பங்கில் நிறுத்த ஆசைப்பட்டால் லீட் இல்லாமல் வைத்தாலும் லாப் 26 மில்லிமீற்றராக வேண்டும், துவாரம் 4 மில்லிமீற்றர் மட்டுமே திறக்கும், 75 சதவீதத்திலேயே கழிவு வெளியேறத் தொடங்கும். விரிவதால் வந்த ஆதாயத்தின் ஒரு பகுதி இப்படியே பறிபோகும். 1842இல் வந்த ஸ்டீவன்சன் இணைப்பு அமைப்பும் 1844இல் பெல்ஜியத்தின் வால்ஷார்ட்ஸ் காப்புரிமை பெற்ற அமைப்பும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தும் இடத்தை மாற்ற வழி செய்தன. ஆனால் அவற்றிலும் ஒரே வால்வு இரு வேலைகளையும் செய்ததால் இந்தப் பிணைப்பு நீங்கவில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜ் கோர்லிஸ் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இப்பிணைப்பை அறுத்தது. உங்கள் வரைபடம் அவருடைய வழியிலேயே போகிறது. நான்கு வால்வுகள்; உள்ளே விடும் இரண்டும் மேலே, வெளியே விடும் இரண்டும் கீழே. உள்ளே விடும் வால்வு ஒரு கொளுவியால் இழுத்துத் திறக்கப்படும். வேகக் கட்டுப்படுத்தி தீர்மானிக்கும் கணத்தில் கொளுவி விடுபட, வால்வு சடுதியாக மூடிக்கொள்ளும். சுமை கூடினால் கொளுவி தாமதமாக விடும், குறைந்தால் முன்னதாகவே விடும். கழிவு வால்வுகள் தம் நேரத்திலிருந்து சிறிதும் மாறா. 1876ஆம் ஆண்டு பிலடெல்பியா கண்காட்சியில் இயந்திர மண்டபம் முழுவதையும் ஓட்டிய 1,400 குதிரைவலு என்ஜின் இவருடையதே.

இந்த அமைப்பின் இன்னொரு பயன் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் பொய்லர் ஆவியின் வெப்பநிலை ஏறத்தாழ 165 பாகை. வெளியேறும் ஆவி 100 பாகை. சறுக்கு வால்வில் இரண்டும் ஒரே துவாரத்தின் வழியே மாறி மாறிப் போகின்றன. குளிர்ந்த ஆவி வெளியேறிய அதே பாதையின் சுவர்களைச் சூடான ஆவி ஒவ்வொரு முறையும் மீண்டும் சூடாக்க வேண்டும். அப்படிச் சூட்டை இழப்பதால் ஆவியின் ஒரு பகுதி வேலை செய்வதற்கு முன்பே தண்ணீராகிவிடும். பாதைகளைப் பிரித்தால் இந்த இழப்புக் குறையும். வெளியேறும் வாயில் அடியில் இருந்தால் சேர்ந்த தண்ணீரும் தானாக வடிந்துவிடும்.

எனினும் உங்கள் என்ஜினுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு குறையை நீக்க, ஈடு செய்ய முடியாத ஒரு சிலிண்டரை நீங்கள் பணயம் வைக்கிறீர்கள். லாப் 20 கொண்ட புதிய வால்வு ஒன்றைச் செய்யுங்கள். இப்போது கிடைக்கும் வேலையில் 86 சதவீதம், இப்போது செலவாகும் ஆவியில் 64 சதவீதத்துக்குக் கிடைக்கும். பழைய வால்வை எண்ணெய் பூசிப் பத்திரமாக வைத்துவிடலாம்.

மறுமொழி: தம்பலகாமத்துப் பேரன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை முழுவதும் உப்புவெளி ஐயா சொன்னபடியே செய்தேன். முனைப் புள்ளியைக் கண்ணால் பார்த்து நான் முன்பு இட்டிருந்த அடையாளம், சரியான புள்ளியிலிருந்து பிளைவீல் விளிம்பில் ஐந்து விரல் தூரம் தள்ளி இருந்தது.

சிலிண்டர் மூடி உள்ள பக்கத்தில் (மூடிப் பக்கம்) துவாரம் 4 மில்லிமீற்றர் திறந்திருந்தது. கிராங் பக்கத்தில் திறக்கவே இல்லை. திறப்பதற்கு வால்வு இன்னும் 2 மில்லிமீற்றர் நகர வேண்டியிருந்தது. ஆகவே வித்தியாசம் 6, அதில் பாதி 3. நட்டைத் திருகி 3 மில்லிமீற்றர் நகர்த்தியதும் இரண்டு பக்கமும் 1 மில்லிமீற்றர் என்று சரியாக வந்துவிட்டது. எக்சென்ட்ரிக்கைத் தொட வேண்டிய தேவையே ஏற்படவில்லை. மாலையில் ஆவி ஏற்றி ஓட்டினேன். ஊர்க் கொட்டிலில் அந்தச் சத்தம் ஒரே தாளத்தில் விழுந்ததைக் கேட்டபோது, அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, தாத்தா காலத்தில் இப்படித்தான் கேட்கும் என்று சொன்னார். உமிச் செலவில் பெரிய மாற்றம் இல்லை; அதற்கான காரணத்தை இப்போது விளங்கிக்கொண்டேன்.

சிலிண்டரில் துளை இடும் எண்ணத்தைக் கைவிட்டேன். ஆனாலும் ஒரு சந்தேகம். லீட் சமமாக்கிய பிறகும் மூடிப் பக்கத்து அடி ஒரு சிறிதளவு கனமாகவே விழுகிறது. அது ஏன்?

மறுமொழி: வெப்பவியல் விரிவுரையாளர்

இணைப்புத் தண்டின் சாய்வே காரணம். தண்டின் நீளம் கிராங்கைப் போல் ஐந்து மடங்கு என்றால், கிராங் சரியாகக் கால் சுற்றுச் சுற்றியபோது பிஸ்டன் மூடிப் பக்கத்திலிருந்து 150 அல்ல, 165 மில்லிமீற்றர் வந்திருக்கும். மறுபக்கத்திலிருந்து பார்த்தால் 135 மட்டுமே. ஆகவே மூடிப் பக்கத்தில் ஆவி சற்றுத் தாமதமாகவே நிறுத்தப்படும். புதிய வால்வு செய்யும்போது மூடிப் பக்கத்து லாப்பை ஒன்றரை மில்லிமீற்றர் கூட்டினால் இந்த வேறுபாடு குறையும். லீட்டில் சிறு வித்தியாசம் வரும், 120 சுற்று வேகத்தில் அது பாதிக்காது.

மறுமொழி: கிண்ணியா மில்காரர்

இந்த உரையாடலில் ஒரு விடயம் விடுபட்டிருக்கிறது. எங்கள் குடும்பம் நெல் அவித்துப் புழுங்கல் அரிசி போடும் தொழிலில் இருந்தது. அங்கே என்ஜினிலிருந்து வெளியேறும் ஆவியை வானத்துக்கு விடவில்லை. நெல் ஊறும் தொட்டியின் தண்ணீரைச் சூடாக்க அனுப்பினோம். எனவே என்ஜின் கூடுதல் ஆவி எடுத்தாலும் அந்தச் சூடு ஆலையை விட்டுப் போகவில்லை. நெல் ஆலைகளில் மிக எளிமையான சறுக்கு வால்வு என்ஜின்களே நீண்ட காலம் நின்றதற்கு அறியாமையைக் காரணமாகச் சொல்வது சரியல்ல. உமி இலவசமாகக் கிடைத்தது, கழிவு ஆவிக்கும் வேலை இருந்தது. பிள்ளைகளுக்குக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வால்வு குறித்து ஒரு வழி சொல்கிறேன். பழைய ஆலை என்ஜின்கள் சிலவற்றில் வால்வின் முதுகில் இன்னொரு சிறிய வால்வு சறுக்கும்; மேயர் வால்வு என்பார்கள், 1840களில் வந்தது. கீழே உள்ள பெரிய வால்வு ஆவியை உள்ளே விடும் தொடக்கத்தையும் வெளியேற்றத்தையும் பார்த்துக்கொள்ளும். அதன் முதுகில் உள்ள இரண்டு தகடுகளும் ஒரு தண்டில் கோக்கப்பட்டிருக்கும். தண்டில் ஒரு பாதி வலப் புரி, மறு பாதி இடப் புரி. தண்டைத் திருகினால் தகடுகள் ஒன்றை விட்டு ஒன்று விலகும், ஆவி முன்னதாகவே நிறுத்தப்படும். எதிர்ப்புறம் திருகினால் நெருங்கும், தாமதமாகும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியிலுள்ள கைச் சில்லைத் திருப்பி மாற்றலாம், கழிவின் நேரம் அசையாது. நீங்கள் நான்கு வால்வில் தேடியதில் பெரும்பகுதி இதிலேயே கிடைக்கிறது. சிலிண்டரில் ஒரு துளையும் தேவையில்லை. கூடுதலாக ஓர் எக்சென்ட்ரிக்கும் ஆழமான நீராவிப் பெட்டியும் வேண்டும், அவ்வளவுதான்.

மறுமொழி: உப்புவெளி பிற்றர்

மேயர் வால்வு நல்ல அமைப்புத்தான். ஆனால் உராய்வை நினைவில் வையுங்கள். உங்கள் வால்வு 11 சென்ரிமீற்றருக்கு 15 சென்ரிமீற்றர் அளவு இருக்கும் என்று கொண்டால் முதுகின் பரப்பு 165 சதுர சென்ரிமீற்றர். 6 பார் ஆவி அதனை ஏறத்தாழ ஆயிரம் கிலோ பாரத்தோடு அமுக்குகிறது. அடியிலிருந்து ஆவி மேலே தள்ளுவதைக் கழித்துப் பாதி என்றாலும் ஐந்நூறு கிலோ. அந்தப் பாரத்தின் கீழ் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை இழுபடும் உலோகத்துக்கு எண்ணெய் கிடைக்காவிட்டால் ஒரு பருவத்திலேயே முகம் வரி வரியாகக் கீறிவிடும். மேயரில் சறுக்கும் முகங்கள் இரண்டு. ஆவிக் குழாயில் சிலிண்டர் எண்ணெய் சொட்டும் கருவி பொருத்தாமல் எதையும் ஓட்ட வேண்டாம்.

புதிய வால்வை வெண்கலத்தில் வார்த்தெடுங்கள். வார்ப்பிரும்பு முகத்தில் வெண்கலம் தேய்ந்தால் தேய்வது வால்வாக இருக்கும், சிலிண்டர் முகம் தப்பும். முகத்தில் உயர்ந்த இடங்களைக் காட்டும் நீலச் சாயம் பூசி, சுரண்டிச் சுரண்டிப் பொருத்துங்கள்; அவசரப்பட வேண்டாம். நீளம் ஒவ்வொரு பக்கமும் 8 மில்லிமீற்றர் கூடுவதால், வால்வு ஓட்டத்தின் கடைசியில் பெட்டியின் சுவரில் முட்டுமா என்று முதலில் பலகையில் ஒரு மாதிரி வெட்டி வைத்துச் சுற்றிப் பாருங்கள்.

மறுமொழி: தம்பலகாமத்துப் பேரன்

பலகை மாதிரி செய்து சுற்றிப் பார்த்துவிட்டேன், ஐயா. கிராங் பக்கத்தில் 11 மில்லிமீற்றரும் மூடிப் பக்கத்தில் 6 மில்லிமீற்றரும் இடைவெளி மிஞ்சுகிறது. மூடிப் பக்கத்து லாப்பில் ஒன்றரை கூட்டினாலும் முட்டாது. எக்சென்ட்ரிக்கைத் தண்டோடு பூட்டும் சாவிக் காடியை 19 பாகை தள்ளி வெட்ட வேண்டும் என்பதால், தண்டைச் சேதப்படுத்தாமல் மேற்பாதி விலகி நிற்கும் ஒரு படிச் சாவி செய்து தரும்படி லேத் பட்டறையில் கேட்டிருக்கிறேன். வெண்கல வார்ப்புக்கான மரஅச்சையும் திருகோணமலை நகரில் கொடுத்துவிட்டேன்.

மேயர் அமைப்பை அடுத்த கட்டத்துக்கு வைத்திருக்கிறேன். கிண்ணியா அண்ணன் நினைவில் உள்ள அளவுகளைக் கோட்டுப் படமாக வரைந்து இங்கே இட்டால், நீராவிப் பெட்டிக்கு எவ்வளவு ஆழம் கூட்ட வேண்டும் என்று இப்போதே கணக்குப் பார்த்து வைப்பேன். புதிய வால்வு பொருத்தியதும், அதே சுமை, அதே வேகம், அதே 6 பாரில் ஒரு மணித்தியாலம் ஓட்டி, உமியை மூட்டைக் கணக்கில் அல்லாமல் தராசில் நிறுத்து, இரண்டு வால்வுகளுக்கும் உரிய நிறைகளை இங்கே பதிவேன்.